குழந்தைக்கு மசித்து வைத்த பேரிக்காய்

பேரிக்காய் மலிந்த நாட்களில் எலக்ட்ரீஷியனின் மனைவி அதைக் கூடை கூடையாக வாங்கினாள். தோல் சீவி, வேகவைத்து, மசித்து, சின்னப் பாட்டில்களில் நிரப்பினாள். மாதக்கணக்கில் கெடாமலிருக்க, மூடி இறுக்கிய பாட்டில்களை அவன் கொதிக்கும் தண்ணீர் அண்டாவில் இறக்கி எடுத்தான். பால் மட்டுமே குடிக்கும் மகள் சாப்பிட ஆரம்பிக்கும்போது குளிர்காலம் வந்துவிடும், நல்ல பழம் கிடைக்காது என்பது அவள் கவலை.

“மகாராணிக்கு விருந்து தயாராகுது. நமக்கு நேத்து சோறுதான்” என்று அவன் சிரித்தான்.

குளிர் தொடங்கியதும் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டது. நெஞ்சில் சளி கட்டியது. ஆஸ்பத்திரியிலிருந்து இருவரும் வெறுங்கையோடு திரும்பினார்கள்.

பிறகு அவள் பாட்டில்களை அடுக்கிய அலமாரிப் பக்கமே போகவில்லை.

ஒரு நாள் அவனுடைய அக்கா தன் கைக்குழந்தையோடு பார்க்க வந்தாள். அவன் மனைவியிடம் மெதுவாகக் கேட்டான். “பாட்டிலையெல்லாம் அக்காகிட்ட குடுத்துடவா?”

அவள் எழுந்து அலமாரிக்குப் போனாள். ஒரு பாட்டிலைத் திறந்தாள். அக்காவின் பையனை மடியில் வாங்கி, ஸ்பூனால் ஊட்டினாள். பையன் சப்புக்கொட்டி, இன்னும் வேண்டுமென்று அவள் கையைப் பிடித்து இழுத்தான். பாட்டில் காலியாகும்வரை ஊட்டினாள். வாயைத் துடைத்து, அவனை அக்காவிடம் கொடுத்துவிட்டு சமையலறைக்குள் போனாள்.

குழாய்த் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. கணவன் அவள் பின்னால் போய் நின்றான்.

“எல்லாத்தையும் குடுத்துடுங்க” என்றாள் திரும்பாமல். “எவ்வளவு ஆசையா சாப்பிடறான் பாருங்க. அவ ஒரு வாய்கூட சாப்பிடாம போயிட்டாளே.”

அவன் குழாயை மூடவில்லை. அழுகைச் சத்தம் அக்காவுக்குக் கேட்க வேண்டாமென்று நினைத்தான்.