ஏப்பம் விடும் குழி

தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற சாலையில், ஹாஜரா பீவியின் வாட்டர் சர்வீஸுக்குப் பின்னால் உள்ள குழி தினமும் பகல் மூன்றரை மணிக்கு ஏப்பம் விடும். வேன்களையும் ஆட்டோக்களையும் கழுவிய ஆயிலும் கிரீசும் காலையில் அதற்குள் போகும். தின்று முடித்ததும் ஒரு ஏப்பம், அப்புறம் தண்ணீர் தெளிந்துவிடும். அடுத்த வீட்டுச் சண்முகசுந்தரி கல்லூரியில் நுண்ணுயிரியல் நடத்துகிறவள். ஆயிலைத் தின்பது சேற்றிலிருக்கும் கிருமிகள் என்று அவள் சொன்னாள்; ஏப்பத்துக்கு மட்டும் அவளிடமும் விளக்கம் இல்லை. யாரும் கேட்கவுமில்லை.

கெடுத்தது ஹாஜராவேதான். சவுதியில், தம்மாமில் ஆறு வருஷமாக லீவு கிடைக்காமல் கிடந்த கணவர் துல்கர்னைனின் பெயரைச் செப்புத் தகட்டில் கீறி, இத்தனையும் செரிக்கிற குழி இதையும் செரிக்கட்டும் என்று பங்குனியில் உள்ளே போட்டாள். அந்த வாரமே, ஆடியில் வருவதாக அவர் போன் செய்தார். சேதி பரவ எவ்வளவு நேரமாகும்? ஆலங்குளத்திலிருந்தும் திருவேங்கடத்திலிருந்தும் பஸ் ஏறி வந்து, செப்புத் தகடும் ஈயத் தகடும் தாயத்துமாகக் கொட்டினார்கள். கல்யாணம், வேலை, பரீட்சை, மூட்டுவலி. வைகாசியில் ஏப்பம் நின்றது. ஆயில் மிதந்து கசிந்து, சண்முகசுந்தரியின் கிணற்றில் பளபளவென்று படர்ந்தது.

"செம்பும் ஈயமும் கரைஞ்சு கிருமிய முடக்கிட்டுக்கா. தகட எடுக்காம வேற என்ன செஞ்சாலும் அது திங்காது" என்றாள் சண்முகசுந்தரி.

"எடுத்தா அவுக வராம போயிட்டாகன்னா?"

சண்முகசுந்தரி விலைக்கு வாங்கின தண்ணீர் கேனைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். ஹாஜராவுக்கு மனசு கேட்கவில்லை. மறுநாள் வேலையை நிறுத்திவிட்டு இடுப்பளவு சேற்றில் இறங்கி, முதலில் தன் தகட்டைத்தான் துழாவி எடுத்தாள். பெயர் கரைந்து வழவழவென்று இருந்தது. அழுதுகொண்டே மீதியையும் அள்ளிக் கரையில் போட்டாள். சண்டைக்கு வந்தவர்களிடம் அவரவர் தகட்டை எடுத்துக்கொள்ளச் சொன்னாள். எதிலும் பெயர் இல்லாததால், கையில் அகப்பட்டதை வாங்கிக்கொண்டு போனார்கள். தண்ணீரில் கரைந்திருந்த உலோகத்தைப் பிடித்துவைக்கச் சண்முகசுந்தரி மூட்டை மூட்டையாகச் சிரட்டைக்கரி இறக்கினாள்.

சாகாமல் மிஞ்சிய கிருமிகள் பெருகிவர இருபத்திரண்டு நாள் ஆனது. இருபத்துமூன்றாம் நாள் மூன்றரைக்கு வந்த ஏப்பத்தில் ஒரு தென்னை மட்டை விழுந்தது. அடுத்த நிமிஷம் தம்மாமிலிருந்து போன்.

"ஏட்டி, இங்கன மெஸ்ஸுல சாப்பிட்டுக்கிட்டு இருக்கேன், ஏப்பம் கேட்டுது. நம்ம குழிதான? டிக்கெட் போட்டாச்சு."

கிணறு தெளிந்த பிறகு, ஆடிச் சாரலில் துல்கர்னைன் வந்து இறங்கினார். கைக்கடிகாரம் இன்னும் சவுதி நேரத்திலேயே ஓடிக்கொண்டிருந்தது. குழி ஏப்பம் விட்டதும் முள்ளைத் திருகி மூன்றரையில் வைத்துவிட்டு, சோறு போடச் சொன்னார்.