பிரவீனாவின் பேட்டரி வண்டி

பக்கவாதத்தில் கால் முடங்கிய அம்மா சுப்பாத்தாளைத் தென்னந்தோப்புக்குள் கூட்டிப்போகத்தான், ஒரு ரிசார்ட் கழித்துப்போட்ட கோல்ஃப் வண்டியைப் பிரவீனா பொள்ளாச்சி காயலாங்கடையில் வாங்கினாள். துருவைச் சுரண்டி, ஒயரிங்கைத் தானே மாற்றி, பழைய பேட்டரிகளைத் தேடிப் பிடித்துப் பொருத்தினாள். அதுவரை கேலி பேசிய அண்ணன் தனபால், வண்டி ஓடியதும் கேட்காமலே பக்கத்திலிருந்த தன் கல்யாண மண்டபத்துக்கு எடுத்துப்போய்விட்டான்.

பிரவீனா நேரே மண்டபத்துக்குப் போனாள். விருந்தாளிகள் வண்டியில் உட்கார்ந்திருந்தார்கள்.

"எல்லாரும் எறங்குங்க. இது எங்கம்மா வண்டிங்க."

தனபால் பல்லைக் கடித்தான். "ஏனம்மணி, ஆளுக முன்னால மானத்த வாங்கற?"

"அம்மா காத்தால இருந்து வாசலப் பாத்துட்டு உக்காந்திருக்குதுங்ண்ணா. அப்ப எங்க போச்சு உங்க மானம்?"

சாவியைப் பிடுங்கி வண்டியைக் கிளப்பினாள். வீட்டு வாசலில் காத்திருந்த அம்மாவை ஏற்றித் தோப்புக்குள் திருப்பினாள்.