முழத்தில் எழுதிய பச்சை

சாயப்பட்டறை முதலாளி சாயக்காரிக்குத் தரவேண்டிய கூலிப் பாக்கி பத்தாயிரத்து முந்நூற்று இருபது. அதை அவர் பிடித்துக்கொண்ட வாரத்தில், படத்துக்குள் அடங்காத பச்சை அவள் வீட்டில் வந்து குடியேறியது. முதலில் தண்ணீர்க் குடத்தின் வாயில் தெரிந்தது, மறுநாள் சுவரில், மூன்றாம் நாள் தலையணையில். தொட்டால் ஒட்டாது, கழுவினால் போகாது. மாமியார் ஒருநாள் முழுக்க அதைப் பார்த்துவிட்டு, "சுண்ணாம்புச் செலவு மிச்சம்டி" என்றாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

பேச வேண்டிய பேச்சு வேறு. அவள் முக்கியெடுத்த பச்சைத் துணிகளை முதலாளி ஒரு போட்டோக்காரரை வைத்துப் படம்பிடித்துப் போனில் போட்டு விற்றார். படத்தில் சாதுவாக இருந்த நிறம் கைக்கு வந்ததும் கண்ணைப் பறிக்கிறது என்று நாற்பத்து மூன்று பேர் திருப்பி அனுப்பினார்கள். துணிக்கு இருநூற்று நாற்பது வீதம் அவள் கூலியில் கழித்துவிட்டார். "படம் பொய் சொல்லுமா? நீதான் சாயத்தை அள்ளிக் கொட்டியிருக்கே" என்றார். பதினாறு வருஷம் கொதிக்கிற தொட்டியில் வெந்த கண்ணைவிட, போன மாதம் வாங்கின போன் பெரிய சாட்சியாகிவிட்டது.

துணி ஒன்றைச் சுருட்டிக்கொண்டு அவள் அந்தப் போட்டோக்காரரின் அறைக்குப் போனாள். அவருடைய பெரிய திரையில் துணியும் படமும் ஒன்றாகவே இருந்தன. அதே படம் போனில் வெளுத்துக் கிடந்தது. அவர் தலையைச் சொறிந்தார். நிறத்தைக் கேமரா எண்ணாகத்தான் எழுதுகிறது. எந்த அளவில் எழுதியது என்பதற்குப் பெயர் நிறவெளி. அதில் பெரியதும் உண்டு, சின்னதும் உண்டு. பெரியதுதான் உசத்தி என்று அவர் அதை வைத்திருந்தார். விற்கிற இடத்தில் படத்தைப் போட்டதும் எந்த அளவு என்ற குறிப்பு உதிர்ந்துபோக, போன்கள் எல்லாம் சின்னதென்றே எடுத்துக்கொண்டன.

"எட்டு முழம்னு எழுதினதை எட்டு சாண்னு படிச்சிருக்கு. அவ்வளவுதானே தம்பி?"

"அவ்வளவுதான்க்கா."

"இதுக்கா என் கூலி?"

முழத்துக்கும் சாணுக்கும் நடுவே மிஞ்சிய பச்சைதான், வேறு போக்கிடம் இல்லாமல், உண்டாக்கியவள் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தது. எங்கோ யாரோ அந்தப் படத்தைத் திறக்கும்போதெல்லாம் ஒரு சுற்று கூடியது.

போட்டோக்காரர் படங்களைச் சின்ன அளவுக்கு மாற்றிப் போட்டார். துணி திரும்பி வருவது நின்றது. தப்பு தன்னுடையதுதான் என்று முதலாளியிடம் ஒப்புக்கொண்டார். போட்டோக்காரருக்கு ஒரு காசும் குறையவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து வேலை செய்கிறவர் அல்லவா. அவளுக்குக் கிடைத்த பதில், "கழிச்சது கழிச்சதுதான்." அன்றிலிருந்து அவள் தொட்டியில் கைவைக்கவில்லை. இரண்டு வருஷம் கல் சுமந்தாள். முதலாளி அவள் இடத்தில் நாலு பேரை வைத்துப் பார்த்தார். குளத்துப் பாசி நிறம்தான் வந்தது.

மூன்றாம் வருஷம் அவரே நோட்டுக் கட்டோடு வீட்டுக்கு வந்தார். உள்ளே நின்ற பச்சையில் நூறும் ஐநூறும் ஒன்றுபோல் இருந்தன. எழுத்தும் எண்ணும் கரைந்திருந்தன. போன் விளக்கைப் போட்டார், அந்த வெளிச்சமும் பச்சையாகவே விழுந்தது. அவள்தான் எண்ணினாள்.

"சரியா இருக்கா?"

"நான் சொன்னா சரிதான், மொதலாளி."

பத்தாயிரத்து முந்நூற்று இருபதை எடுத்துக்கொண்டு மீதியை அவர் கையில் திணித்தாள். மறுநாள் வேலைக்குப் போனாள். பாக்கி தீர்ந்தது. பச்சை போகவில்லை, பழைய படத்தை யாரோ இன்னும் திறந்துகொண்டிருக்கிறார்கள். மாமியார் அதற்கும் சேர்த்துப் பாய் விரித்தாள்.