கமக்கட்டில் மடு மண்

...உடம்புச் சூடு ஆறாமல் கொண்டுவாருங்கள், ஒரு மணித்தியாலத்துக்குள் கொண்டுவாருங்கள் என்று கிளினிக்கில் சொல்லிவிட்டார்கள், சொல்வது சுகம், வெளியே குளிர் மைனஸ் இருபதைத் தாண்டியிருந்தது, வில்லரேயில் பஸ் ஏறும்போது மூக்குமயிரே விறைத்துப் போனது, ஆனால் ஜெராட்டின் இடது கமக்கட்டுக்குள், பெனியனுக்கும் தோலுக்கும் நடுவில் அந்தச் சின்னப் பிளாஸ்ரிக் போத்தல் சூடாகத்தான் இருந்தது, இருக்கவேண்டும், கையைத் தூக்கிப் பார்க்கவா முடியும், தூக்கினால் விழும், விழுந்தால் கோட்-டெ-நெய்ஜ் போகும் பஸ்ஸில் ஒரு தமிழன் தன் விந்தைத் தேடி ஆட்களின் காலடியில் தவழ்ந்தான் என்று... சீ. ஆய்வுகூடத்து எலிகளுக்கு இந்த மானக்கேடு இல்லை. எலிகளுக்கு வேறு கேடு, அதுவும் உண்மைதான், விந்தணுவை எண்ணுவதென்றால் முதலில் அதுகளைக் கொல்லவேண்டும். இவனுக்கு ஒரு போத்தலைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள், அந்த மட்டில் நன்றி சொல்லவேண்டாமா?

எலிகள் என்றதும் வேலை ஞாபகம் வந்து தொலைத்தது. லவாலில் அவன் வேலை செய்யும் ஆய்வுகூடத்துக்குப் பெயின்ற் உரிக்கும் திரவம் ஒன்று வந்திருந்தது, அது ஆண் எலியின் விந்தைக் கெடுக்குமா, பெண் எலியின் வயிற்றில் இருக்கும் குட்டியைக் கெடுக்குமா, எந்த அளவு வரைக்கும் பயமில்லை, இவ்வளவையும் பார்த்து அறிக்கை எழுதுவது ஜெராட்டின் பொறுப்பு. கூடக் கொடுத்த எலிகள் மொத்தமாகக் கவிழ்ந்துவிட்டன, அதில் பேச்சில்லை. ஆகக் குறைவாகக் கொடுத்த கூட்டத்தில்தான் இடி, இரண்டே இரண்டு எலிகளுக்கு எண்ணிக்கை சரிந்துபோயிருந்தது, மிச்சமெல்லாம் மன்மதர்கள். அந்த இரண்டும் திரவத்தால் கெட்டதுகளா, பிறப்பிலேயே அப்படியா, எலியிடம் கேட்கவா முடியும்? இயல்பான வேறுபாடு, திரவத்தோடு தொடர்பில்லை என்று எழுதி வைத்திருக்கிறான், மத்தியானம் கையெழுத்து வைத்தால் முடிந்தது, மேலாளர் வாசலிலேயே நிற்பார்... அந்தத் திரவத்தை நாலு மாதமாக அளந்து ஊற்றியதும் இவன்தானே, கையுறை போட்டுத்தான், முகமூடி போட்டுத்தான், என்றாலும் பின்னேரம் வீட்டுக்குப் போனால் மனைவி அஞ்சலீனா மூக்கைச் சுருக்கி, உங்களில அழுகின மாம்பழம் மணக்குது என்கிறாள். பாவம் அவள், கல்யாணம் முடித்து ஐந்து வருடம், எடுக்காத ஸ்கான் இல்லை, குத்தாத ஊசி இல்லை, அவளில் ஒரு குறையும் இல்லையாம். இனி உங்கட முறை என்று போத்தலைக் கையில் வைத்துவிட்டுக் குசினிக்குப் போனவள் திரும்பிப் பார்க்கவில்லை. பயந்திருப்பாள். இவனுக்கும் பயம்தான்.

பஸ் ஊர்ந்து ஊர்ந்து நின்றேவிட்டது. முன்னால் பனி அள்ளும் லொறிகள், ஒன்றன்பின் ஒன்றாக, கலியாண ஊர்வலம் போகிற வேகத்தில்... நகருங்களேன் ஐயா, இங்கே ஒருவனின் வம்சம் ஆறிக்கொண்டிருக்கிறது. அந்த நேரம் பார்த்துத்தானா முன்கதவால் எமிலியானுஸ் அண்ணை ஏறவேண்டும்! ஞாயிறு பூசை முடிந்ததும் கோயில் வாசலில் நின்று, கையைப் பிடித்து, ஏதும் விசேஷமோ என்று வாரம் தவறாமல் கேட்கிற மனுசன், அவருக்குப் பயந்து ஜெராட்டும் அஞ்சலீனாவும் இப்போதெல்லாம் பக்கக் கதவால்தான் வெளியேறுகிறார்கள், பஸ்ஸில் பக்கக் கதவுக்கு எங்கே போவது? "என்ன தம்பி, கையை ஒட்டவச்சமாதிரி இருக்கிறாய், சுளுக்கோ?" ஓம் அண்ணை என்று சொன்னதுதான் பிழை, எங்கள் ஆம்பிளைகளில் சுளுக்கு எடுக்கத் தெரியாதவன் எவன், தெரியாதவன்தான் முதலில் கையை நீட்டுவான், அண்ணை அதற்குள் பக்கத்துச் சீற்றில் குந்திக் கையுறைகளைக் கழற்றி மடியில் வைத்துவிட்டார். "தா, உருவி விடுறன். ஒரு இழுவைதான்." ஒரு இழுவையா! கை தோளுக்கு வந்துவிட்டது, இழுத்தால் எல்லாம் போச்சு... "தொடாதேங்கோ அண்ணை, சுளுக்கில்லை... அதுக்குள்ள மடு மண் வச்சிருக்கிறன்!"

எங்கிருந்து வந்தது இந்தப் பொய்? மடு மாதா கோயில் மண், ஊருக்குப் போய் வருகிறவர்கள் பொட்டலம் கட்டிக் கொண்டுவருவது, தீராத வருத்தத்துக்கெல்லாம் பூசுவது, அதை ஒருவன் கமக்கட்டிலா வைப்பான் என்று அண்ணை ஒரு கணமாவது யோசித்தாரா? யோசிக்கவில்லை. கை அந்தரத்தில் நின்றது. தொப்பியைக் கழற்றினார். ஜெராட்டின் கமக்கட்டைப் பார்த்துப் பக்தியோடு சிலுவை போட்டார். சிரிப்பு நெஞ்சில் வந்து முட்டியது, சிரித்தால் போத்தல் நழுவும், மாதாவே மன்னியும், உமக்குத் தெரியாததா, இதுவும் ஒரு மன்றாட்டு அலுவல்தானே... "ஒரு கிள்ளு தாவன் தம்பி," என்றார் அண்ணை. கோயில் வாசல் குரல் இல்லை அது. "என்ர மகளுக்கு. ஆறு வருசமாப் பாக்குது, ஒண்டும் தங்குதில்லை. அதுதான் நானும் காணுற சனத்திட்டையெல்லாம் விசேஷமோ எண்டு கேக்கிறது... ஆருக்கும் சரிவந்தா எந்த டொக்டரிட்டைப் போனதெண்டு விசாரிக்கலாமெண்டு."

அதற்காகத்தானா? அதற்காகவா இத்தனை ஞாயிறும்... ஜெராட்டின் சிரிப்பு செத்துப்போனது. இந்த மனுசனைக் கண்டா பக்கக் கதவால் ஓடினோம்? பேந்து தாறன் அண்ணை, கட்டாயம் தாறன் என்றான், மாமியிடம் கேட்டால் எங்காவது கொஞ்சம் வைத்திருப்பார், நேரம் போகிறது, லொறிகள் விலகிவிட்டன, இறங்கவேண்டும், கையைத் தூக்காமலே தலையை ஆட்டி விடைபெற்று ஓடினான்.

கிளினிக் மேசையில் இருந்த தாதி பாண் விற்கிறவளைப்போல் ஒரு கூச்சமும் இல்லாமல் பிரெஞ்சில் கேட்டாள், எப்போது எடுத்தது, முழுதும் பிடித்தீர்களா, ஏதும் சிந்தியதா. பிறகு, வேலையில் இரசாயனம் ஏதும் புழங்குகிறீர்களா? புழங்குகிறேன், ஒரு திரவம், ஆனால் அந்த அளவில் அது ஒன்றும் செய்யாது என்றான், அறிக்கையில் எழுதிய வசனம் பிரெஞ்சிலும் வழுக்கிக்கொண்டு வந்தது. தாதி நிமிர்ந்து பார்த்தாள். அப்படி யார் சொன்னது?

"நான்தான்," என்றான் ஜெராட்.

அவள் போத்தலுக்காகக் கையை நீட்டினாள், போத்தல் இன்னும் சூடாகத்தான் இருந்தது, இவனுக்குத்தான் கொடுக்க மனம் வரவில்லை... எண்ணிப் பார்த்து, அந்த இரண்டு எலியோடு இவனும் சேர்ந்து மூன்றாகிவிட்டால், இயல்பான வேறுபாடு என்று பிறகு யார் கையெழுத்து வைப்பது?