பூத்த மலைக்கு ஒரே ஒரு படம்

பூமழை என்கிற கோடையின் முதல் மழை பெய்து ஒரு வாரம் பத்து நாளில் ஏற்காட்டுக் காப்பிக் காடெல்லாம் வெள்ளை வெளேரென்று பூத்துவிடும். இரண்டு மூன்று நாள் கூத்துதான், அப்புறம் வாடிப் பழுத்துப் போகும். ஆனால் உச்சியிலிருந்து பார்க்கிறவனுக்கு அந்த வெள்ளை கண்ணில் படாது. நிழல் மரங்கள் மறைத்துக்கொள்ளும். இந்த வருஷம் மஞ்சக்குட்டைப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் நிழல் மரங்களை ஒட்டக் கழித்துவிட்டார்கள் என்று தங்கம்மா தன் பிறந்த வீட்டிலிருந்து சேதி கொண்டுவந்தாள். கேட்டதும் அவள் புருஷன் சுப்பிரமணிக்குக் கால் தரையில் பாவவில்லை.

ஏற்காட்டில் ஒண்டிக்கடை என்கிற கடைவீதியில் ஸ்டூடியோ வைத்திருப்பவன் அவன். பாஸ்போர்ட் படம், காதுகுத்து, கல்யாணம் என்று மனுஷ மூஞ்சிகளாகவே எடுத்துச் சலித்தவன். "யாரும் எடுக்காத மலைப்படம் ஒண்ணு கொண்டா, அடுத்த வருஷக் காலண்டர்ல உன் பேரோட போடறேன்" என்று சேலத்து அச்சக முதலாளி சொன்னதிலிருந்து அவனுக்குத் தூக்கம் கிடையாது. விடிவதற்கு முன்னே புருஷனும் பெண்டாட்டியும் கட்டுச்சோற்றோடு நடக்க ஆரம்பித்துவிட்டார்கள். பனி எழும்பினால் ஒரு படம், பாறை பளபளத்தால் ஒரு படம்.

"ஏனுங்க, பாறை எங்கீங்க ஓடிப்போவுது? ரோலை மிச்சம் புடிங்க" என்று தங்கம்மா வழியெல்லாம் கத்திக்கொண்டு வந்தாள். இருந்தது ஒரே ஒரு கலர் ரோல்.

அவன் தோளில் மட்டும் இரண்டு கேமரா, இரட்டைப் பிள்ளைகள் போல ஒரே ஜாடை. இடத்தோளில் தொங்குவதில் ரோல் இருக்கும். வலத்தோளில் தொங்குவது காலி, அது கல்யாண வீட்டுச் சித்தப்பாக்களுக்கானது. "என்னையும் ஒண்ணு புடிப்பா" என்று மேடை ஏறுகிற ஒவ்வொருவருக்கும் ரோலைச் செலவழித்தால் ஸ்டூடியோவை இழுத்து மூட வேண்டியதுதான். காலியில் ஒரு கிளிக் கொடுத்தால் அவர்களுக்கும் சந்தோஷம், இவனுக்கும் நஷ்டமில்லை. தொழிலில் இது ஒன்றும் புதிதல்ல.

வழியில் ஓர் ஓடை குறுக்கிட்டது. இரண்டு கேமராவையும் தங்கம்மாவிடம் கொடுத்துவிட்டு இறங்கிக் கடந்தான். பின்னாலேயே வந்தவளிடம் அக்கரையில் வாங்கி, கால் ஈரம் காய்வதற்குள் தோளில் மாட்டிக்கொண்டு ஓடினான்.

எஸ்டேட் கூலிக்காரர்களின் லைன் வீடுகளைத் தாண்டும்போது பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். முன்னால் நின்றவள் ஆராயி.

"ஏனுங்க போட்டோக்காரரே, எங்களையும் புடிங்க. நொம்ப நாள் ஆசைங்க."

வலத்தோள் கேமராவை எடுத்தான். காலி கேமராவில் என்ன கஞ்சத்தனம்? தனித்தனியாக, ஜோடியாக, கோழியைத் தூக்கிக்கொண்டு, பல் தெரிய, பல் தெரியாமல் என்று கிளிக் கிளிக்கென்று வாரி வழங்கினான். "ஐயோ, நல்ல சீலைகூடக் கட்டலையே" என்று ஆராயி அங்கலாய்த்தாள். தங்கம்மா மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

உச்சி ஏறியதும் சுப்பிரமணி அலறியே விட்டான். சரிவு முழுக்க வெள்ளை! பள்ளம் வரைக்கும் வெள்ளை! வாசனை ஆளையே தூக்கியது. சிரித்தான், விசிலடித்தான், இடத்தோள் கேமராவில் படமாக எடுத்துத் தள்ளினான்.

"ஏனுங்க, ரோல் சுத்தும்போது மேல ஒரு குமிழ் திரும்புமில்லீங்க? திரும்பவே காணோமே" என்றாள் தங்கம்மா.

அவன் பின்மூடியைத் திறந்தான். உள்ளே ஒன்றுமில்லை. ஓடைக்கரை அவசரத்தில் தோள் மாற்றி மாட்டியிருக்கிறான். மற்ற கேமராவில் எத்தனை படம் ஆகியிருக்கிறதென்று பார்த்தான். மிச்ச ரோல் மொத்தமும் லைன் வீட்டு வாசலிலேயே தீர்ந்திருந்தது. ஒரே ஒரு படம் பாக்கி.

சேலம் பக்கமிருந்து மேகம் ஏறிக்கொண்டிருந்தது. கேமராவில் கண்ணை வைத்துப் பார்த்தான். வெறும் வெள்ளை. கோலமாவைக் கொட்டிவைத்த மாதிரி, மலை இத்தனூண்டாகத் தெரிந்தது. எந்தப் பக்கம் திரும்பினாலும் அப்படித்தான். இதை யார் காலண்டரில் போடுவார்கள்? அழுகை முட்டியது.

"போட்டோக்காரரேய்!"

கீழே, பூக்காட்டை வகிர்ந்து போன எஸ்டேட் பாதையில் ஆராயியும் மற்றவர்களும் வந்துகொண்டிருந்தார்கள். போய் நல்ல சீலை கட்டிக்கொண்டு வந்திருக்கிறார்கள்! சிவப்பு, மஞ்சள், கத்தரிப்பூ நிறம்.

சுப்பிரமணி மறுபடி கண்ணை வைத்தான். குன்றிமணி குன்றிமணியாக அந்த நிறங்கள் நகர நகர, மலை அவன் கண்முன்னே கிடுகிடுவென்று வளர்ந்தது. சரிவுக்கு ஆழம் வந்தது, வெள்ளைக்கு எல்லை இல்லாமல் போயிற்று.

"அப்படியே வாங்க! நிக்காதீங்க, வாங்க!" என்று தொண்டை கிழியக் கத்தினான்.

அவர்கள் சிரித்துக்கொண்டே கையை ஆட்டினார்கள். மூச்சைப் பிடித்து அழுத்தினான். கிளிக்! அடுத்த நிமிஷம் மேகம் சரிவை மூடிவிட்டது. தங்கம்மாவைக் கட்டிப் பிடித்துக்கொண்டு குதித்தான். அவளும் வெட்கத்தை விட்டுக் குதித்தாள்.

மேகத்துக்குள்ளிருந்து ஆராயியின் குரல் மட்டும் ஏறி வந்தது.

"ஏனுங்க, நெசமாலுமே எங்க படம் வருமுங்களா?"

எத்தனையோ கல்யாண வீடுகளில் இந்தக் கேள்விக்குக் கூசாமல் பொய் சொன்ன வாய்தான். இப்போது இரண்டு கையையும் வாயருகே குவித்து, மலையெல்லாம் கேட்கும்படி கத்தினான்.

"வருமுங்கக்கா! அத்தனையும் வருமுங்க!"