சத்தம் போடும் பூட்டு

என் வீட்டில் பதினோரு பழைய மரப்பெட்டிகள் இருந்தன. எதற்கு இத்தனை என்று கேட்பவர்களுக்கு நான் இரண்டாவது கோப்பை டீ ஊற்றுவதில்லை.

எங்கள் ஊர் மர்கிலானில் இப்போது இது ஒரு மோஸ்தர் ஆகிவிட்டது. தாஷ்கண்டிலிருந்து பணக்காரப் பிள்ளைகள் வந்து ஒரு பெட்டியை வாங்கிப் போய், மேலே கண்ணாடியைப் போட்டு, அதில் காபிக் கோப்பையை வைக்கிறார்கள். பெட்டி என்றால் அதன் மேல் மெத்தைகள் அடுக்கியிருக்க வேண்டும், கூரையைத் தொடுகிற மாதிரி. மெத்தை இல்லாத பெட்டி, தொப்பி போடாமல் கல்யாணத்துக்கு வந்தவனைப் போல நிற்கும். நான் பள்ளிக்கூடம் நாலு வருஷம்தான் போனேன், ஆனால் இது எனக்குத் தெரியும்.

லாரி ஓட்டிய முப்பத்தாறு வருஷத்தில் ஊர் ஊராகச் சேர்த்தவை இவை. பச்சைத் தகரம் அடித்த பெட்டி ஜன்னலுக்கு எதிரில் இருக்கிறது. வெயில் பட்டால் தகரத்தில் பனி படர்ந்த மாதிரியான பூவேலை மினுங்கும். சிவப்பு இரண்டும் கதவுக்கு இரண்டு பக்கம். ஒன்றின் மேல் டிவி, ஒன்றின் மேல் முலாம்பழங்கள். ஐந்தாவது பெட்டியில் என் கற்கண்டு ஜாடி.

அந்த ஜாடியில்தான் வம்பு ஆரம்பித்தது. எனக்குச் சர்க்கரை வியாதி என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து, ஜாடியில் கற்கண்டு தானாகக் குறைந்துகொண்டே வந்தது. நான் தின்றது போக மேலும் குறைந்தது. ஐந்தாம் பெட்டியின் பூட்டை ஓர் ஆணி இருந்தால் போதும், யாரும் திறக்கலாம். மருமகளைச் சந்தேகப்பட்டேன். பக்கத்து வீட்டு குதூஸைச் சந்தேகப்பட்டேன். பூனையைக்கூடக் கொஞ்ச நாள் கவனித்தேன்.

அப்போதுதான் ரிஷ்தானில் இருக்கிற எர்காஷின் நினைவு வந்தது. என்னோடு லாரி ஓட்டியவன். அவன் மனைவி துர்சுனோய் சீதனமாகக் கொண்டுவந்த பெட்டியில் மணி வைத்த பூட்டு உண்டு. சாவியைத் திருப்பினால் வீடு முழுக்கக் கேட்கும். எனக்கு வேண்டியது அதுதான். யார் கை வைத்தாலும் பெட்டியே கூப்பிட்டுச் சொல்லிவிடும்.

என் மனைவி சனோபரிடம் சொன்னேன். பன்னிரண்டாவது பெட்டி வாசல்படி ஏறினால் மூத்த மகள் வீட்டுக்குப் போய்விடுவேன் என்று போன வருஷமே சொல்லி வைத்திருந்தவள் அவள்.

"எவ்வளவு தூரத்துக்குக் கேக்கும்?" என்றாள்.

"தெரு வரைக்கும்."

"சரி, கொண்டு வாங்க."

நாற்பத்தேழு வருஷத்தில் அவள் இவ்வளவு சீக்கிரம் சரி சொன்னதில்லை. நான் அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

பெட்டி பார்க்கப் போகிறவன் அதை வாய்விட்டுச் சொல்லக் கூடாது. சொன்னால் விலை ஏறிவிடும். மெத்தை அடுக்கின் கீழே தெரிவது பெட்டியின் முகம் மட்டும். மூடியையும் கீலையும் பார்க்க மெத்தைகள் இறங்க வேண்டும், மெத்தை இறங்க விருந்தாளி படுக்க வேண்டும். அதனால் எர்காஷ் வீட்டில் பிலாவ் சாப்பிட்டு முடித்ததும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு முனகினேன். ஒரு மெத்தை போட்டார்கள். போதவில்லை என்றேன். இரண்டு, மூன்று, ஐந்து.

"ஹோஷிம், நீ படுக்கிறியா, இல்ல என் வீட்டக் காலி பண்றியா?" என்றான் எர்காஷ்.

"இடுப்பு வலிடா."

"பெட்டியப் பாக்கத்தான வந்த? நேரா கேட்டா நாக்கு தேஞ்சிடுமா?"

மெத்தை அடுக்கு பாதியாகியிருந்தது. மூடி உளுத்துப் போகாமல் இருந்தது. ஒரு கிடா ஆடு தருகிறேன் என்றேன். பெட்டி இருந்த இடத்தில் ஃப்ரீசர் வைக்க வேண்டுமென்று அவனும் நினைத்திருந்தான் போல, கொழுத்த பெரிய வாலுள்ள செம்மறிக் கிடாவாக இருந்தால் சரி என்றான். சாவி எங்கே என்று கேட்டேன். தெரியாது என்றான். பூட்டு ரிப்பேர், அதைத்தான் மறைக்கிறான் என்று முடிவு செய்துவிட்டேன். மாடக்குழியில் பார்த்தேன், டீக்கெண்டிக்குள் பார்த்தேன், கம்பளத்தைத் தூக்கிப் பார்த்தேன்.

துர்சுனோய் இடுப்பில் கை வைத்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, கம்பளத்த விடுங்க. உங்க அம்மா சாவிய எங்க வெச்சிருந்தாங்க?"

எனக்கு உறைத்தது. பெண்கள் சாவியைச் சடை நுனியில் வைத்துப் பின்னுவார்கள். அடுத்தவன் மனைவியின் முதுகை நான் எப்படிப் பார்ப்பது? அவள் முக்காட்டுக்குக் கீழிருந்து சடையை முன்னால் இழுத்துப் போட்டு, பெட்டி முன் மண்டியிட்டு, சாவியை அவிழ்க்காமலே பூட்டில் நுழைத்துத் திருப்பினாள். முற்றத்தில் மேய்ந்த கோழிகள் தலை தூக்கின. அப்படி ஒரு மணிச்சத்தம்.

"இவருக்கும் தெரியும்," என்றாள் எர்காஷைக் காட்டி. "சொன்னா என் சடையிலேர்ந்து சாவியும் பெட்டி கூடவே போயிடும்னுதான் சொல்லல." பிறகு கத்தரியால் நூலை வெட்டிச் சாவியை என் கையில் வைத்தாள். "எடுத்துட்டுப் போங்க. என் கழுத்துக்கு ஓய்வு. ஒண்ணு மட்டும், இந்தப் பூட்டுக்கு ரகசியம் தெரியாது."

வீட்டுக்கு வந்ததும் கற்கண்டு ஜாடியை அதில் வைத்துப் பூட்டினேன். சாவியை என் பைஜாமா நாடாவில் கட்டிக்கொண்டேன்.

"மாமா, அடுத்தது சடையும் வளப்பீங்களா?" என்றாள் மருமகள்.

ஒரு வாரம் யாரும் பெட்டியைத் தொடவில்லை. திருடன் பயந்துவிட்டான் என்று சந்தோஷம். எட்டாம் நாள் மதியம் ஒரு துண்டு கற்கண்டுக்கு வாய் ஊறியது. சாவியைத் திருப்பினேன்.

"என்னங்க," சமையலறையிலிருந்து சனோபர் குரல் கொடுத்தாள், "டாக்டரக் கூப்பிடவா, இல்ல நீங்களே போறீங்களா?"

மறுநாள் இருமிக்கொண்டே திருப்பினேன். அதற்கடுத்த நாள் டிவி சத்தத்தை ஏற்றிவிட்டுத் திருப்பினேன். இரண்டு நாளும் அது எத்தனையாவது துண்டு என்று அவள் எண்ணிச் சொன்னாள். கடைசியில் அவள் சந்தைக்குப் போகும்வரை காத்திருந்து திறந்தேன். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து குதூஸின் குரல் வந்தது.

"ஹோஷிம் அண்ணே, அண்ணி சொல்லிட்டுப் போனாங்க. ஒரு துண்டுதானாம்."

யாரையும் நம்பாத நான் திருடனைப் பிடிக்க ஒரு கிடாவைக் கொடுத்து வாங்கிய பூட்டு என்னை மட்டும் பிடித்தது. அன்று ராத்திரி யோசித்து, ஒரு வழிதான் தெரிந்தது. என் ஆயுளில் முதல்முறையாக ஒரு பெட்டியைப் பூட்டாமல் விட்டேன்.

காலையில் மூடியைச் சத்தமில்லாமல் தூக்கினேன். ஜாடி இருந்தது. அதற்குள் கற்கண்டு இல்லை, உப்பில் வறுத்த பாதாம் பருப்பு மாதிரி ஏதோ. வாயில் போட்டுப் பார்த்தேன். ஆப்ரிகாட் பழத்தின் கொட்டை, சாம்பலில் வறுத்தது.

சனோபர் கதவருகே நின்றிருந்தாள்.

"அப்போ அஞ்சாம் பெட்டியிலயும் நீதானா?"

"பின்ன, பூனையா?"

"நாலு மாசமா மருமகளச் சந்தேகப்பட்டுட்டு இருந்தேன்."

"உங்களுக்குப் பொழுது போச்சுல்ல." பிறகு சிரிக்காமல் சொன்னாள்: "போன வருஷம் கால் புண்ணு ஆற மூணு மாசம் ஆச்சு. தெனமும் கட்டு மாத்துனது நான். இன்னொரு தடவ என்னால அந்தப் புண்ணப் பாக்க முடியாது."

நாடாவிலிருந்து சாவியை அவிழ்த்து அவளிடம் நீட்டினேன். அவள் அதை வாங்கி, சமையலறைச் சாவிகளோடு சேர்த்துச் சடை நுனியில் கட்டிக்கொண்டாள். கொட்டை ருசியாகத்தான் இருந்தது. அவளிடம் சொல்லவில்லை.

இப்போது அவள் நடந்தால் முதுகில் சாவிகள் கிணுகிணுக்கின்றன. எந்த அறையில் இருக்கிறாள், எந்தப் பக்கம் வருகிறாள் என்பது எனக்கு முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. மற்ற பதினோரு பெட்டிகளில் ஒன்றில் கொஞ்சம் கற்கண்டு இருக்கிறது. மாதத்துக்கு ஒரு துண்டுதான். எந்தப் பெட்டி என்று சொல்ல மாட்டேன். நீங்கள் யாரென்றே எனக்குத் தெரியாது.