துக்க வீட்டிலிருந்து நழுவியவர்கள்

அக்காவின் காலடியில் போர்வையை இழுத்துச் சரிசெய்துகொண்டிருந்த தம்பி, தையல்காரம்மா அழுகையைப் பாதியில் நிறுத்திக் கைப்பேசியைப் பார்ப்பதைக் கவனித்தான். பார்த்தார், மூக்கைச் சிந்தினார், செருப்பை மாட்டிக்கொண்டு நழுவினார். சற்று நேரத்தில் முடிதிருத்துபவர் வந்து, அதே இடத்தில் உட்கார்ந்து, அந்த அம்மா விட்ட இடத்திலிருந்து அழுகையைத் தொடர்ந்தார். பிறகு அவரையும் காணோம். பஸ் கண்டக்டர் வந்தார்.

ஷிப்ட் போட்டு அழும் தெருவைத் தம்பி அதுவரை பார்த்ததில்லை.

அக்காவுக்கென்று இருந்த ஒரே சொத்து தெருக்கோடி மைதானம், அதுவும் அவளுடையதல்ல. ஊர்க்குப்பை மலையாகக் கிடந்த இடத்தை, கெஞ்சியும் வைதும் ஆள் சேர்த்து, பிள்ளைகள் பந்து விளையாடும்படி ஆக்கியிருந்தாள். குப்பை போட்டவன் கையில் சிக்கினால் விடமாட்டாள். அவன் போட்ட இடத்துக்கு அவனையே காவல் வைப்பாள். வெளியூரிலிருந்து வரும்போதெல்லாம், "குப்பைமேட்டு மகாராணி சௌக்கியமா?" என்பான் தம்பி. "வந்து ஒரு கூடை அள்ளுடா, மந்திரி பதவி தரேன்" என்பாள். அவன் அள்ளியதில்லை. கட்டட இடிபாடு கொட்டும் லாரி முதலாளி மட்டும், அவள் எப்போது கண்ணை மூடுவாள் என்று காத்திருந்தார்.

அக்காவை எடுத்துப்போகும் வண்டி வர இன்னும் நேரமிருந்தது. கண்டக்டரும் எழுந்தபோது தம்பிக்கு இருப்புக்கொள்ளவில்லை. பின்னாலேயே போனான்.

மைதான வாசலில் கல்லும் மண்ணுமாக ஒரு லாரி. அதன் முன்சக்கரத்துக்கு நேரே பத்துப் பேர் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அத்தனை பேரும் ஒரு காலத்தில் அங்கே குப்பை கொட்டிப் பிடிபட்டவர்கள்.

"அந்தம்மா போனா கூட்டம் கலைஞ்சிடும்னு ஓனர் சொன்னாரு," என்றார் டிரைவர், தன்னை யாரோ ஏமாற்றிவிட்டதைப் போல.

தையல்காரம்மா நகர்ந்து இடம் விட்டார். "லாரி கிளம்புற வரைக்கும் எடம் காலியா இருக்கக் கூடாது தம்பி. சித்த உக்காருங்க. சைக்கிள் கடைக்காரரு இன்னும் அக்கா முகத்தைப் பாக்கல."

சைக்கிள் கடைக்காரர் எழுந்து போனார். தம்பி உட்கார்ந்தான். தரை சுட்டது. இனிமேல் இதற்கெல்லாம் தலைவர் யார் என்று கேட்டான். யாருக்கும் தெரியவில்லை, யாரும் யோசித்ததாகவும் தெரியவில்லை.

கைப்பேசி அடித்தது. பெரியப்பா. வண்டி வந்துவிட்டதாம். கூடப்பிறந்தவன் இல்லாமல் எப்படித் தூக்குவது, எங்கேடா தொலைந்தாய் என்று வைதார்.

தம்பி தெருவைப் பார்த்தான். சைக்கிள் கடைக்காரர் இன்னும் திரும்பவில்லை.

"கொஞ்சம் இருங்க பெரியப்பா," என்றான். "மாத்த ஆள் வரட்டும்."

வெயில் சாயச் சாய, லாரியின் நிழல் மெல்ல அவன் முழங்கால்மேல் ஏறியது.